கரையில் நிற்காத துகள்

மஞ்சள் துகள் மட்டும் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது.

அக்கா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்து, நனைந்த குடையைக் கதவு மூலையில் சாய்த்துவிட்டு, முந்தின நாள் கழுவாமல் விட்டுப்போன டீக் கோப்பையைப் பார்த்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரையை எழுப்பியபோது, கடல் வழக்கம்போல நீலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த கடல் அது. வெளிக்கடலோடு அதற்குள்ள உறவு ஒரு குறுகிய கழுத்து வழியாக மட்டும்தான். மற்றபடி உள்ளே இருக்கிற தண்ணீர் உள்ளேயே இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்றைத்தான் கணினிக்குள் கட்டி வைத்திருந்தார்கள். கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, காற்று, உப்பு, சூடு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊட்டிவிட்டால், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று மாடல் சொல்லும். ஓட்டம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று மேலே வெள்ளைப் புள்ளிகளைத் தூவியிருப்பார்கள். அவைதான் துகள்கள். எண்ணெய் கொட்டினாலும், படகு காணாமல் போனாலும், துகள்கள் போகிற பக்கம் பார்த்துத்தான் தேடுவதற்கு ஆள் அனுப்புவார்கள்.

வெள்ளைத் துகள்கள் எல்லாம் சாதுவாக இடப்பக்கம் வளைந்துகொண்டிருந்தன. மஞ்சள் துகள் அந்தக் கூட்டத்தின் குறுக்கே நேராகக் கிழக்கு நோக்கி வந்தது. கிழக்கில்தான் இந்த ஊர் இருந்தது.

அந்த மஞ்சள் துகள் அவளுடைய தம்பி.

இதை வெளியே சொன்னால் மூளை குழம்பிவிட்டது என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி இதே கடலாய்வு நிறுவனத்தில் மிதவைகளைப் பார்த்துக்கொண்டவன். நடுக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகளுக்குப் படகில் போய், பாசியைச் சுரண்டி, பேட்டரி மாற்றி, அளவுக் கருவிகளைத் துடைத்துவிட்டு வருவான். அவன் அளந்து அனுப்புவதை அவள் மாடலுக்குள் ஓட்டுவாள். நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே "அக்கா, அக்கா" என்று கூப்பாடு போட்டுக்கொண்டு வருவான். அவன் போட்ட கூப்பாட்டில் இயக்குநர் உட்பட அலுவலகம் முழுவதற்கும் அவள் அக்காவாகிவிட்டாள். காற்று திடீரென்று திரும்பிய ஒரு நாளில் படகு சாய்ந்தது. மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். தேடினார்கள், தேடினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

அம்மா ஊரைக் கூட்டி அழவில்லை. அன்றாடம் மாலையில் மகள் செருப்பைக் கழற்றும்போது ஒரே கேள்வி கேட்டாள்.

"சின்னவன் இன்னைக்கு எங்கடி இருக்கான்?"

முதல் நாள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். மறுநாள் அலுவலகத்தில், படகு சாய்ந்த இடத்தில், ஒரு துகளை வைத்தாள். மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று அதற்கு மஞ்சள் கொடுத்தாள். சாயங்காலம் வந்து, "வடக்கு முனைக்குப் பக்கத்துல போயிட்டிருக்கான்மா" என்றாள்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "உசுரோட இருந்தப்ப எங்க போறேன்னு ஒரு நாளாவது சொல்லிட்டுப் போயிருக்கானா? இப்பவாவது தெரியுதே."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது. ஆனால் அன்று ராத்திரி அம்மா சாப்பிட்டாள். அதற்குப் பிறகு தினமும் சேதி சொல்வது வழக்கமாகிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல இரண்டு பேரும் அவனைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரு நாள் துகள் வடகரையில் ஒரு பாறை முனையில் மோதி நின்றுவிட்டது. கரையைத் தொட்டால் நின்றுவிட வேண்டும் என்பது எல்லாத் துகள்களுக்கும் பொதுவான விதி. நிறைய நாளானால் அழிந்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அம்மாவுக்கு விதியெல்லாம் எங்கே தெரியும்? "பாறையிலயா கெடக்கான்? குளிருமேடி" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். அடுத்த நாளும் தள்ளிவைத்தாள். மூன்றாவது தடவை தட்டு தள்ளப்பட்டபோது அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மஞ்சள் துகளுக்கு மட்டும் அந்த இரண்டு விதிகளையும் எடுத்துவிட்டாள். கரையைத் தொட்டாலும் நிற்க வேண்டாம். எத்தனை நாளானாலும் அழிய வேண்டாம். ஒரு துகளுக்காக விதியை மாற்றக் கூடாது என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும். அவளே பல பேருக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

இப்போது அது கிழக்கே வந்துகொண்டிருந்தது.

பக்கத்து மேசையில் சோடா உட்கார்ந்திருந்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் வந்த பெயர். மாடலின் நிரலைப் பாதிக்கு மேல் எழுதியவன் அவன்தான்.

"எங்கயாவது கூட்டல் கழித்தல் மாறியிருக்கும்க்கா. நகருங்க, பாக்குறேன்" என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

வெகுநேரம் பார்த்தான். டீ ஆறிப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"கணக்குல தப்பு இல்ல. ஆனா இது மேல மிதக்கலக்கா. அடியில இருக்கு."

அந்தக் கடலின் அடித்தண்ணீரைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உப்பு மிகுந்து, கனத்து, காற்றுப் படாமல் வருஷக்கணக்காக அப்படியே கிடக்கிற தண்ணீர். மீன் கிடையாது, புழு கிடையாது. அதை மேலே எடுத்தால் அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். மாதிரி எடுக்கப் போய்வந்த நாட்களில் தம்பியின் கையில் அந்த நாற்றம் ஒட்டியிருக்கும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பாடு போடுவாள்.

"அடியில ஓட்டமே இல்லையே. எது தள்ளுது?" என்றாள் அக்கா.

"எதுவும் தள்ளல. தன்னால நடந்து வருது" என்றான் சோடா விளையாட்டாக. சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வரவில்லை. நாற்காலியை மெல்லத் தன் மேசைக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை அம்மா கேட்டபோது, "தூரத்துலதான்மா இருக்கான்" என்று பொய் சொன்னாள்.

"இல்லடி. கிட்ட வந்துட்டான்" என்றாள் அம்மா.

சாதாரணமாகச் சொன்னாள், அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோல. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தம்பி போனதிலிருந்து சீப்பைத் தொடாத அம்மா, அன்று தலையை வாரி முடிந்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. எத்தனையோ நாளாக அந்த முகத்தில் தேடிய தெளிவுதான். ஆனாலும் அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் வீடு கொஞ்சம் கொஞ்சமாக ஈரமானது. மழைக்காலம், சுவர் ஓதம் இழுக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஓதம் தம்பியின் அறையைச் சுற்றி மட்டும்தான் ஏறியது. காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்தது, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. மூடிக் கிடந்த அந்த அறையின் கதவிடுக்கிலிருந்து, விடியற்காலையில், மிக லேசாக, அழுகின முட்டை வாடை வந்தது. அம்மா அந்தக் கதவுக்கு முன்னால் மோடாவைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு எங்கடி இருக்கான்?" என்று இப்போதெல்லாம் அம்மா கேட்பதில்லை. கேட்காமல் இருந்ததுதான் அக்காவைத் தூங்கவிடவில்லை. மஞ்சள் துகளை அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தாள். அழிக்க ஒரு வரி எழுதினால் போதும். எழுதுவாள். பிறகு அந்த வரியையே அழித்துவிடுவாள். ஒரு முறை கடல் கொன்றது, இன்னொரு முறை நான் கொல்ல வேண்டுமா என்று தோன்றும். திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

மூடுபனி இறங்கிய ஒரு நாள் மாலையில் அது துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

எல்லோரும் சீக்கிரமே கிளம்பியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி தெருவிளக்குகளைத் தின்றுகொண்டிருந்தது, எதிர்க் கட்டடம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, கணினிகள் அடுக்கிய அறையின் இரைச்சல் மட்டும் சுவரைத் தாண்டி வந்து காதுக்குள் உட்கார்ந்துகொண்டது, அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், எங்கோ ஒரு குழாய் சரியாக மூடாததுபோல, சொட்டுச் சொட்டாக. அவள் எழுந்து போய்க் குழாய்களைப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தன. திரும்பி வந்தபோது மஞ்சள் துகள் துறைமுகத்துப் படிக்கட்டு ஓரமாக நின்றது.

நிற்கத்தான் வேண்டும். விதியை எடுத்துவிட்டாலும் நிலத்தில் தண்ணீர் ஏது? தண்ணீர் இல்லாத கட்டத்தில் வேகம் கிடையாது. வேகம் இல்லாமல் துகள் நகராது. நிலத்துக் கட்டங்களில் கணக்கே இல்லை. வெறும் சாம்பல் நிறம். பார்க்க வரும் அதிகாரிகளுக்குத் துறைமுகம் எங்கே என்று தெரியட்டும் என்று அதன்மேல் ஊரின் தெருப்படத்தை ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கைப்பையை எடுத்தாள்.

துகள் சாம்பலுக்குள் ஏறியது.

ஒரு கட்டம். நின்றது. இன்னொரு கட்டம். துறைமுக வாசலைத் தாண்டியது. பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றது, பேருந்து வருமா என்று பார்க்கிறவனைப்போல. பிறகு நடந்தது. நடந்தது என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. பள்ளிக்கூடத்துச் சுவர் வந்ததும் தெருவோடு வளையாமல் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. அந்தச் சுவரில் ஓர் உடைப்பு உண்டு. தெருப்படத்தில் இருக்காது. சின்ன வயதில் தம்பி கண்டுபிடித்த வழி. கடைசிவரை வேலைக்கும் அதன் வழியாகத்தான் போய்வந்தான்.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அம்மா எடுத்தாள்.

"அம்மா, வாசல் கதவைப் பூட்டு."

"எதுக்குடி பூட்டணும்? சின்னவன் வர்ற நேரம்."

"அம்மா, சொன்னாக் கேளு. அது..." அவன் இல்லை என்று சொல்ல வந்தாள். "நான் வர்ற வரைக்கும் பூட்டி வையும்மா."

"ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க, சாப்பாடு போடுறேன்" என்றாள் அம்மா. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை. இணைப்பு அறுந்தது.

சோடாவைக் கூப்பிட்டாள். நடப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"அழிச்சிருங்கக்கா."

"எப்படிடா அழிப்பேன்?"

"அப்ப நிறுத்தவாவது செய்யுங்க. பழைய விதியைத் திருப்பிப் போடுங்க" என்றான்.

திரையில் மஞ்சள் துகள் மருந்துக்கடை முக்குக்கு வந்திருந்தது. அதற்கடுத்த திருப்பம் அவர்கள் தெரு.

விசைப்பலகை ஈரமாக இருந்தது. விரல்கள் வழுக்கின. தப்பு. மறுபடி. தப்பு. மூன்றாம் முறை சரியாக விழுந்தது. நிலத்தில் இருந்தால் நில்.

துகள் நின்றது.

மருந்துக்கடை முக்கில். அசையவில்லை. அவள் காத்திருந்தாள். அசையவில்லை. மேசையில் தலை கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். "மன்னிச்சிருடா. வீட்டு வாசல் வரைக்கும் வந்தவனை நிறுத்திட்டேன்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பயமெல்லாம் எங்கோ போய், நெஞ்சு நிறைய அவன்மேல் இருந்த ஆசை மட்டும் மிஞ்சியது. அந்த முக்கில் அவன் தனியாக, பனியில், நிற்பான் என்று நினைத்தபோது பொறுக்க முடியவில்லை. குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள். ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

தெருவில் ஆள் அரவமில்லை. பனி முகத்தில் பிசுபிசுத்தது. மருந்துக்கடை அடைத்திருந்தது. விளக்குக் கம்பத்தின் கீழே யாரும் இல்லை.

தரையில் ஈரம் இருந்தது. பள்ளிக்கூடச் சுவரின் உடைப்பிலிருந்து, ஓர் ஆள் அகலத்துக்கு, கறுப்பாக. அது முக்கில் நிற்கவில்லை. திருப்பத்தில் திரும்பி அவர்கள் தெருவுக்குள் போயிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். கணக்கு முன்னால் ஓடும், படம் பின்னால் வரும். திரையில் தெரிவது எப்போதும் கொஞ்சம் பழசு. துகள் இருக்கும் இடம் அது இல்லை, இருந்த இடம். அவள் விதியைப் போட்டதும் புதுப்பிக்கப்படாமல் முக்கிலேயே நின்றது படம்தான், அவன் அதற்குள் முன்னால் போயிருந்தான்.

ஓடினாள்.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. படியில் தண்ணீர் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அந்த நாற்றம். மூச்சு விட முடியவில்லை.

"வந்துட்டியா?" என்றாள் அம்மா.

அவன் கூடத்தின் நடுவில் நின்றான். வலது கால் தரையில். இடது கால் அடுத்த அடிக்குத் தூக்கியபடி, இறங்காமல். மனிதன் அப்படி நிற்க முடியாது, சாய்ந்துவிடுவான். அவன் சாயவில்லை. கைகள் அம்மாவை நோக்கிப் பாதி நீண்டு அங்கேயே நின்றிருந்தன. வாய் எதையோ கூப்பிடத் திறந்து, கூப்பிடாமல், அப்படியே. முகத்தில் மிச்சமிருந்ததை வைத்து அது தம்பிதான் என்று தெரிந்தது.

அம்மா மோடாவின்மேல் ஏறி நின்று, துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் நிற்காமல் வடிந்தது. அவளைச் சுற்றித் தரையில் துண்டுகள், போர்வைகள், அலமாரியிலிருந்த புடவைகள், ஜன்னல் திரை எல்லாம் நனைந்து குவிந்து கிடந்தன. அம்மாவின் விரல்கள் ஊறி வெளுத்துப் போயிருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது.

"துவட்டத் துவட்ட ஊறிக்கிட்டே இருக்குடி" என்றாள் அம்மா. "உள்ள வாடான்னா வர மாட்டேங்கிறான். உக்காருடான்னா உக்கார மாட்டேங்கிறான். என்ன கோவமோ தெரியல, தூக்குன காலோட நிக்கிறான். நீ ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பான்."

அவனுடைய கண்கள் மட்டும், மெல்ல, அக்காவின் பக்கம் திரும்பின.

அம்மா துண்டைப் பிழிந்து உதறிவிட்டு மறுபடியும் துவட்ட ஆரம்பித்தாள்.